சிறுவர் வரலாற்று நூல்களில் வினைமுற்று: மொழிபெயர்ப்பாளரின் மூன்று தேர்வுகள்

புது தில்லி லோதி ரோட்டிலுள்ள நடுவண் அரசு அலுவலக வளாகத்தில் சூச்னா பவன் அமைந்துள்ளது. 1941இல் தோன்றிய வெளியீட்டுப் பிரிவு இங்கிருந்து இயங்கி வருகிறது. 1948இல் 'பால் பாரதி' என்னும் இந்திச் சிறுவர் இதழைத் தொடங்கிய இப்பிரிவு, வரலாறும் தலைவர் வாழ்க்கையும் பற்றிய நூல்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. 1957இல் நேசனல் புக் டிரஸ்டும், சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் இதே நகரில் தோன்றின. இத்தகைய நிறுவனங்களின் நூல்களுள் பல ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டுப் பின்னர்த் தமிழாக்கம் பெறுகின்றன. இவ்வாறு வரும் நூலில் தமிழ்ச் சிறுவர் படிக்கும் வாக்கியம் வரலாற்றாசிரியருடையது மட்டுமன்று, மொழிபெயர்ப்பாளருடையதும் ஆகும்.

இளையோருக்கான இந்திய வரலாற்று உரைநடைக்கு முன்மாதிரியாகக் கருதப்படுவது, 1928இல் நேரு அலகாபாத்திலிருந்து முசோரியில் தங்கியிருந்த பத்து வயது மகளுக்கு எழுதிய கடிதத் தொகுதியாகும். 1929இல் நூலாக வெளிவந்த இதனைப் பிரேம்சந்த் இந்தியில் பெயர்த்தார். அக்கடிதங்களில் பெரும்பாலும் நிலமும் பாறையும் ஆதி மாந்தர் கூட்டமுமே எழுவாய்களாக வருகின்றன. 'பூமி குளிர்ந்தது', 'மாந்தர் வாழ்ந்தனர்' என்பவற்றில் மொழிபெயர்ப்பாளருக்குத் தடையில்லை. பெயருடைய தனிமனிதர் எழுவாயாகும்போதே இடர்ப்பாடு தொடங்குகிறது.

முதலாவது தேர்வு விகுதி பற்றியது. ஆங்கில வினை, செய்தவரின் மதிப்பைச் சுட்டுவதில்லை. இந்தியில் உயர்வுப் பன்மை உண்டெனினும், முடிந்த செயலைக் குறிக்கும் செயப்படுபொருள் குன்றா வினை எழுவாயைப் பின்பற்றாது. ஆதலால், 'அசோகன் கலிங்கத்தை வென்றான்' என்னும் பொருள்பட எழுதும் இந்தி ஆசிரியர் வினையில் மதிப்பைக் காட்டவேண்டியதில்லை. தமிழிலோ 'வென்றான்', 'வென்றார்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். பெயரும் 'அசோகன்', 'அசோகர்' என உடன்மாறும். பழைய மன்னருக்கு -ஆன், அண்மைக்காலத் தலைவருக்கு -ஆர் என்னும் வழக்கு தமிழில் உண்டு. ஆயினும், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நிகழ்ச்சியில் இவ்வழக்கு உதவுவதில்லை. 'பானர்மன் ஆணையிட்டார், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான்' என்று எழுதினாலும், விகுதிகளை இடம்மாற்றி எழுதினாலும், மூலத்தில் இல்லாத தீர்ப்பு ஒன்று உள்ளே நுழைந்துவிடும். சோழனுக்கு ஒரு விகுதியும் முகலாயருக்கு வேறொரு விகுதியும் வழங்கும் நூலும் அத்தகையதே. இளையோர் இதனை இலக்கணமாகக் கொள்ளார், மதிப்பீடாகவே கொள்வர்.

இரண்டாவது தேர்வு தன்வினை, பிறவினை பற்றியது. மன்னன் கோயில் கட்டினான் என்பதை ஆங்கிலம் எளிய வினையாலேயே கூறும். தமிழில் 'கட்டினான்', 'கட்டுவித்தான்' என இரு வடிவங்கள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் அக்கற்றளியைத் தான் 'எடுப்பிச்ச'தாகவே குறிப்பிடுகிறான், அச்சொல் பிறவினை. அக்கோயிற் கல்வெட்டுகள் தமக்கை குந்தவையின் கொடைகளையும், இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற தச்சனையும், கோயிற்பணிக்கு அமர்த்தப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் பதிவு செய்துள்ளன. ஆங்கில மூலத்தைப் பின்பற்றி 'கட்டினான்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், மன்னனின் சொல்லே காட்டும் உழைப்பாளரை மறைத்துவிடுகிறார். இங்கு மூலத்தினும் தமிழ் வடிவமே சான்றுக்கு நெருக்கமானது.

மூன்றாவது தேர்வு, செய்தி எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் காட்டுவது. கலிங்கப் போர் அசோகனின் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தால் அறியப்படுவது. பசுங்கன்றுக்காக மகனைத் தண்டித்த மன்னனின் கதையோ சிலப்பதிகாரத்திலும் பெரியபுராணத்திலும் சோழனுக்குரியதாக வருகிறது. மகாவம்சத்தில் இலங்கையை ஆண்ட எல்லாளனுக்குரியதாக அமைகிறது. இரண்டையும் ஒரே உறுதியுடன் '-ஆன்' என முடித்தால், சாசனமும் கதையும் ஒரே தரத்தனவாகும். தாத்தா பாட்டி சொன்ன கதைகளில் 'இருந்தானாம்' என்னும் '-ஆம்' வடிவத்தைக் குழந்தைகள் முன்னரே கேட்டறிந்துள்ளனர். 'என்பர்', 'என மகாவம்சம் கூறும்' என்பன அதன் ஏட்டு வடிவங்கள். சான்றை எடைபோடும் பழக்கத்தைத் தனிப்பாடமாகக் கற்பிக்காமல் வினைமுடிபினாலேயே உணர்த்தத் தமிழில் வழியுண்டு.

பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' போன்று தமிழிலேயே உருவாகும் நூலில் இத்தேர்வுகள் எழுதும்போதே அமைகின்றன. மொழிபெயர்ப்பிலோ அவை அறியாமலே நிகழ்ந்துவிடக்கூடும். சிறப்புப் பெயர்களின் எழுத்துமுறைக்கும் கலைச்சொற்களுக்கும் பட்டியல் வகுக்கும் பதிப்பகம், விகுதிக்கும் பிறவினைக்கும் பிறர்கூற்று வடிவத்திற்கும் நெறி வகுத்தல் வேண்டும். ஒரு நூலில் வரும் மன்னர், தலைவர், அயலார் அனைவர்க்கும் ஒரே அளவுகோல் என்பதே அந்நெறியின் முதல் விதியாதல் தகும்.