வாடகை வீடும் தமிழ்ப்பள்ளியும்



கோலாலம்பூரில் இன்று அடுக்குமாடி வீட்டை வாடகைக்குத் தேடுவோர் முதலில் கேட்பது வாடகையையும் முன்பணத்தையும்தான். முன்னாளில் நிலைமை வேறு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் தம் விருப்பம்போல் உயர்த்த இயலாது. எனவே, நகர நடுவிலிருந்த பழைய கடைவீட்டு மாடிகளில் எளிய குடும்பங்கள் நெடுங்காலம் வாழ்ந்தன. வருமானம் குறைந்த உரிமையாளர் பலர் பழுதுபார்க்காமல் விட்டதும் உண்மையே.

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 டிசம்பர் 31 வரை இடைக்கால அவகாசம் இருந்தது. அதன்பின் வாடகை உயரவே, பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

ஓர் ஆசிரியனாக நான் இதில் காண்பது வீட்டுக் கணக்கை மட்டுமன்று. குடும்பம் பெயர்ந்தால் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிறது. புதிய இடத்தில் தமிழ்ப்பள்ளி தொலைவிலிருந்தால், அருகிலுள்ள தேசியப் பள்ளியே பிள்ளையின் பள்ளியாகிவிடுகிறது.

ஆகவே பெற்றோர்களே, வீடு பார்க்கும்போது மின்தூக்கி, தண்ணீர், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றோடு, தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், பள்ளி வேன் வருமா என்றும் விசாரியுங்கள். வேன் கட்டணத்தையும் சேர்த்தே வாடகையை ஒப்பிடுங்கள். அதன்பின் முடிவெடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.