4 நிமிஷம் 10 செகண்ட் ஓட்டம், ரிசல்ட் வர 12 வருஷம்

போன வாரம் ஓபியில ஒரு பொண்ணு, அம்மாவோட வந்திருந்தா. காலேஜ் முதல் வருஷம். 800, 1500 மீட்டர் ஓடுறவ. தலைசுத்தல், மூச்சு வாங்குதுன்னு வந்தவ, சீட்டு எழுதி முடிச்சதும் மெதுவா கேட்டா: "சார், ரத்தம் ஊற ஒரு ஊசி இருக்காமே, டயாலிசிஸ்காரங்களுக்குப் போடுறது. அதை எனக்குப் போட முடியுமா?"

யாரும்மா சொன்னதுன்னு கேட்டேன். தரையைப் பார்த்தா. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல.

அந்த ஊசியைப் பத்திப் பேசணும்னா 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பெண்கள் 1500 மீட்டர் ஃபைனலைப் பேசணும். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆகஸ்ட் 10 ராத்திரி. 13 பேர் ஓடுனாங்க. கடைசி ரவுண்டுக்குள்ள நுழையுற நேரத்துல அமெரிக்காவோட மார்கன் யூசெனி கால் இடறி விழுந்து, டிராக்குலயே தரையைக் குத்தி அழுதார். மத்தவங்க ஓடிட்டே இருந்தாங்க. துருக்கியோட அஸ்லி சாக்கிர் அல்ப்டெகின் 4:10.23ல தங்கம். அவர் பின்னாடியே அதே நாட்டோட காம்சே புலுட், வெள்ளி. ஒரு வாரம் முன்னாடிதான் 20 வயசு முடிஞ்சிருந்த பொண்ணு. பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் வெண்கலம்.

பத்தாவதா வந்தவர் பிரிட்டனின் லிசா டோப்ரிஸ்கி. 2009 உலகப் போட்டியில இதே தூரத்துல வெள்ளி வாங்குனவர். ஓடி முடிச்ச கையோட பிபிசிகிட்ட பேசுனார். இதைச் சொன்னா எனக்குப் பிரச்சினை வரும், ஆனா இங்க எல்லாரும் நேர்மையா ஓடுறதா நான் நம்பலைங்கற அர்த்தத்துல சொன்னார். பத்தாவது வந்தவ பேசுற பேச்சான்னு கேக்கத் தோணும்ல? தோத்தவங்க இப்படிப் பேசுனா நாமளும் வயித்தெரிச்சல்னுதானே சொல்வோம்.

அல்ப்டெகின் ஏற்கனவே ஒரு தடவை மாட்டுனவர். 2004ல, ஜூனியரா ஓடும்போதே, ரெண்டு வருஷத் தடை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்.

இப்ப மருத்துவம்.

நம்ம ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு இருக்கணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் கிட்னிதான். ஆக்ஸிஜன் குறைஞ்சா எரித்ரோபொய்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சுருக்கமா ஈ.பி.ஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய் சிவப்பணு செய்யச் சொல்லும். கிட்னி செயலிழந்தவங்களுக்கு இது சுரக்காது, அதனாலதான் ரத்தசோகை. 1989ல செயற்கை ஈ.பி.ஓ. அமெரிக்காவுல அனுமதி வாங்கி மருந்தா வந்துச்சு. மாசாமாசம் ரத்தம் ஏத்திட்டு இருந்த டயாலிசிஸ் நோயாளிகளோட வாழ்க்கையையே மாத்துன மருந்து. அடுத்த வருஷமே, 1990ல, ஒலிம்பிக் கமிட்டி இதைத் தடை பண்ண வேண்டி வந்துச்சுன்னா பாத்துக்கோங்க. யூரின்ல கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்தது 2000 சிட்னியிலதான். நடுவுல பத்து வருஷம் கேக்க ஆளில்ல.

1500 மீட்டர்ல செலவாகுற சக்தியில பெரும்பங்கு ஆக்ஸிஜனை வச்சு வர்றது. ஹீமோகுளோபின் கூடுனா தசைக்குப் போற ஆக்ஸிஜனும் கூடும். கணக்கு அவ்வளவு சிம்பிள்.

ஆனா ஒருத்தர் கேப்பார்: "லண்டன் ரேஸ் ரொம்ப மெதுவாச்சே டாக்டர்? அப்ப உலக சாதனை 3:50. இவங்க 4:10. மருந்து எடுத்தவங்களா இப்படி ஓடுவாங்க?" நல்ல கேள்வி. மருந்து வேலை செய்யுறது ரேஸ் அன்னைக்கு மட்டும் இல்ல. அதுக்கு முந்தின மாசங்கள்ல. இன்னைக்குக் கடுமையா ஓடிட்டு நாளைக்குத் திரும்ப அதே அளவு ஓட முடியுது பாருங்க, அங்கதான் லாபம். ஃபைனல்ல எல்லாரும் மெதுவா ஓடி, கடைசி ரவுண்டுல பாயுறப்ப, அந்த மாசங்களோட சேமிப்புதான் வெளிய வருது.

ஈ.பி.ஓ. உடம்புல தங்குறது கொஞ்ச நாள்தான். அதனால மருந்தைத் தேடுறதுக்குப் பதிலா அது விட்டுட்டுப் போன தடத்தைத் தேட ஆரம்பிச்சாங்க. இதுதான் 2009ல வந்த பயலாஜிக்கல் பாஸ்போர்ட். ஒருத்தரோட ரத்தத்தை வருஷக்கணக்கா எடுத்து, அவரை அவரோடவே ஒப்பிடுறது. முக்கியமா ரெண்டு அளவு: ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட். ரெட்டிகுலோசைட்னா புதுசாப் பொறந்த சிவப்பணு. ரத்தசோகை கேஸ்ல மஜ்ஜை வேலை செய்யுதான்னு பாக்க நாங்க தினமும் எழுதி அனுப்புற சாதாரண டெஸ்ட். ஊசி போடும்போது இது ஏறும். நிறுத்திட்டா, ரத்தம்தான் நிறைய இருக்கேன்னு கிட்னி தன் சொந்த சுரப்பை மூடிடும், ரெட்டிகுலோசைட் கீழ விழும். ஹீமோகுளோபின் உச்சத்துல, புது அணு பாதாளத்துல. இயற்கையா அப்படி ஒரு ரிப்போர்ட் வர்றது ரொம்ப அபூர்வம்.

எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் உண்டு. பெரிய மெஷின் எதுவும் இல்ல, ஹவுஸ் சர்ஜன் பையன் படிக்கிற ரிப்போர்ட்தான் ஒலிம்பிக் சாம்பியனைப் பிடிச்சது.

அல்ப்டெகினைத் துருக்கி சம்மேளனம் முதல்ல குற்றமில்லைன்னு விட்டுடுச்சு. சர்வதேச சம்மேளனம் அப்பீல் போச்சு. 2015ல சமரசமா எட்டு வருஷத் தடை, தங்கம் பறிபோச்சு. 2017ல புலுட்டோட வெள்ளியும் போச்சு. ஏழாவது வந்த பெலாரஸின் நடாலியா கரேவா, ஒன்பதாவது வந்த ரஷ்யாவின் எகடெரினா கோஸ்டெட்ஸ்கயா ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே இதே பாஸ்போர்ட்ல சிக்கிட்டாங்க.

பதக்கம் கீழே இறங்குச்சு. ஜமால் தங்கம். நாலாவது வந்த ரஷ்யாவின் தத்யானா தொமஷோவாவுக்கு வெள்ளி. இங்கதான் எனக்குத் தலை சுத்துச்சு. இந்தத் தொமஷோவா 2008லயே தடை வாங்குனவர். எதுக்குத் தெரியுமா? அவர் பேர்ல கொடுத்த யூரினோட டிஎன்ஏ ஒண்ணுக்கொண்ணு பொருந்தல! அவருக்குப் போய் வெள்ளி. 2024 செப்டம்பர்ல, 2012 ஜூன், ஜூலையில எடுத்த சாம்பிள்கள்ல அனபாலிக் ஸ்டீராய்டு இருந்துச்சுன்னு தீர்ப்பு வந்து, பத்து வருஷத் தடை. அந்த வெள்ளியும் போச்சு.

பெண்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிற பலன் ஆண்களை விட அதிகம், ஏன்னா அவங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன் இயற்கையிலேயே கம்மி. அதனாலதான் கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே சின்னப் பொண்ணுங்களுக்கு மாத்திரை கொடுத்துச்சு. நமக்கும் இந்த வலி தெரியும். 2019 தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர் தங்கம் வாங்குன திருச்சி கோமதி மாரிமுத்துவைத் தலையில தூக்கி வச்சு ஆடுனோம். நாண்ட்ரோலோன் பாசிட்டிவ், நாலு வருஷத் தடை, தங்கம் போச்சு. தெரிஞ்சு எதையும் எடுக்கலைன்னார். தடை வந்ததும் கூட நின்னு போட்டோ எடுத்த ஒருத்தரையும் காணோம்.

காவல்காரங்க யோக்கியதையையும் சொல்லிடுறேன். லண்டன் நடந்தப்போ சர்வதேச தடகள சம்மேளனத்துக்குத் தலைவரா இருந்த லமீன் டியாக், ரஷ்யர்களோட ஊக்கமருந்து கேஸ்களைப் பணம் வாங்கிட்டு மறைச்ச வழக்குல 2020ல பாரிஸ் கோர்ட்ல தண்டனை வாங்குனார்.

ஆக லண்டன்ல முதல் ஒன்பது பேர்ல அஞ்சு பேர் பட்டியல்லயே இல்ல. ஆறாவதா வந்து அழுதுட்டுப் போன அமெரிக்காவோட ஷானன் ரோபரிக்கு இப்ப வெண்கலம். தீர்ப்பு வந்தப்போ அவருக்கு 40 வயசு ஆகப்போகுது, அம்மாவும் ஆகிட்டார். எட்டாவது வந்த ஸ்லோவாக்கியாவின் லூசியா க்ளோட்சோவா நாலாவது. டோப்ரிஸ்கி அஞ்சாவது. அன்னைக்கு அவரைத் திட்டுனவங்க யாரும் திரும்ப வந்து பேசுன மாதிரி தெரியல.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். ஊசி கிடையாதுன்னு சொன்னேன். ரத்தம் கெட்டியாகும், பிரஷர் ஏறும், கட்டி அடைச்சா பக்கவாதம் வரும்னு சொன்னேன். கிட்னி நோயாளிகளுக்கே ஹீமோகுளோபினை 13க்கு ஏத்திப் பாத்த ஆய்வுல பக்கவாதம் கூடுச்சு, அதனால நாங்களே அளந்துதான் போடுறோம்.

அப்புறம் ரத்தம் டெஸ்ட் எடுத்தோம். ஹீமோகுளோபின் 9.2. காலையில சாப்பிடாம பிராக்டீஸ், மாசாமாசம் அதிக உதிரப்போக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல. இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை எழுதி, பக்கத்து ரூம்ல மகப்பேறு மேடத்தைப் பாக்க அனுப்புனேன். மாத்திரையை டீயோட போடாதன்னு ரெண்டு தடவை சொன்னேன். "இதுல டைம் குறையுமா சார்?"னு கேட்டா. குறையும்மா, கண்டிப்பா குறையும்னேன். அடுத்த மாசம் திரும்ப வரச் சொல்லியிருக்கேன், கோச்சையும் கூட்டிட்டு.