சிந்தாமணி அச்சேறிய காலத்துச் சிராவக வாசகர்கள்

புதிதாக ஒரு நூல் தோன்றினால் அதனைக் கற்றோர் முன் வைத்து, அவர்தம் கருத்தைக் கேட்டு, அதன்பின் உலகிற்கு வழங்குவது தமிழர் மரபு. அரங்கேற்றம் என்பது வெறும் பாராட்டு விழா அன்று. அவையிலிருந்தோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவர். விடை பொருந்தாதவிடத்துப் பாடலே திருத்தம் பெறுவதும் உண்டு. இசைந்தோர் சிறப்புப்பாயிரம் பாடித் தம் உடன்பாட்டை நிலைநிறுத்துவர். அச்சு இயந்திரம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அவை கலைந்தது. வாசகர் தத்தம் இல்லங்களிலிருந்து கொண்டே நூலைப் பெற்றனர். அவர்களுடைய கருத்தும் கடிதமாகவும் துண்டறிக்கையாகவும் பத்திரிகை மதிப்புரையாகவும் உருமாறியது. இந்த மாற்றம் நிகழ்ந்த காலத்தில் அச்சேறிய பெருநூல் சீவக சிந்தாமணி. அதன் பதிப்பு வரலாற்றில் நம் சமூகத்து வாசகர்களுக்கு உரிய இடத்தை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிந்தாமணி பிறந்ததே வாசகர் ஒருசிலர் கூறிய கருத்தினால்தான் என்று செவிவழிச் செய்தி சொல்லும். சமண முனிவர்க்குத் துறவைப் பாடத் தெரியுமேயன்றி இன்பச்சுவையைப் பாட இயலாது என மதுரைப் புலவர் சிலர் கூறினராம். திருத்தக்கதேவர் அதை மறுத்துக் காப்பியம் செய்ய முற்பட்டபோது, அவருடைய ஆசிரியர் முதலில் ஒரு நரியைப் பொருளாக வைத்துப் பாடச் சொன்னார். அங்ஙனம் எழுந்ததே நரிவிருத்தம். அதன் நயம் கண்ட பின்னரே பெருங்காப்பியம் பாட இசைவு கிடைத்தது. நூல் முற்றுப்பெற்றதும் வேறொரு கருத்து எழுந்தது: இவ்வளவு நுட்பமாக இன்பத்தைப் பாடியவர் மெய்யான துறவியாக இருப்பாரா என்பது அது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்தித் தேவர் தம் தூய்மையை மெய்ப்பித்தார் என்பது மரபு. இச்செய்திகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு நூலைப் பற்றி வாசகர் கூறும் சொல்லுக்கு நூலாசிரியர் எத்துணை மதிப்பளிக்க வேண்டுமென்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இவை சான்றாகும்.

மூலத்திற்கு ஒரு மரபுச் செய்தி இருப்பது போலவே உரைக்கும் ஒன்று உண்டு. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர்க்குக் காட்டினார். ஆருகத நெறியின் பொருள் அதில் செம்மையாக அமையவில்லையென்று அவர்கள் அதனை ஏற்கவில்லை. அவர் சினங்கொள்ளாமல் சித்தாமூருக்குச் சென்று தங்கிச் சமண நூல்களைப் பயின்று, மீண்டும் உரை வகுத்தார். அதனைச் சமணர் ஏற்றுக்கொண்டனர் என்பர். நச்சினார்க்கினியர் சமணர் அல்லர். பிற சமயத்தவராகிய ஒரு பேரறிஞர், நூலுக்குரிய சமயத்தாரின் கருத்தைக் கேட்டுத் தம் உழைப்பை முதலிலிருந்து தொடங்கினார் என்னும் இச்செய்தி, சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் ஒருங்கே பெருமை தருவது. ஏற்க இயலாது என்றவர்கள் அவ்வளவில் நில்லாமல், ஏற்கும் வண்ணம் எழுதுவதற்குரிய கல்வியையும் அளித்தனர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

இனி அச்சுக் காலத்திற்கு வருவோம். 13 இலம்பகங்களையும் 3,000க்கு மேற்பட்ட பாடல்களையும் உடைய சிந்தாமணியின் முதற் பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை, முத்தைய பிள்ளையின் துணையோடு பவர் என்னும் பாதிரியார் 1868இல் பதிப்பித்தார். எஞ்சிய பெரும்பகுதி ஏட்டிலேயே கிடந்தது. 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், அவ்வாண்டின் அக்டோபர்த் திங்களில் அந்நகரத்து முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றையெல்லாம் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றில் மனம் நிறைவுறாமல், சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைக் கற்றதுண்டா என வினவினார். தொழிலால் நீதித்துறையினராகிய ஒரு வாசகரின் இக்கேள்வி தமிழ்ப் பதிப்புலகின் திசையையே மாற்றியது. முதலியார் கேள்வியோடு நில்லாமல் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் தேடித் தந்தார்.

பிரதி கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஐயர்க்குத் தமிழ் இலக்கணம் தடையாகவில்லை. சமணச் சமயக் கொள்கைகளும், கதை மரபுகளும், அவற்றுக்குரிய கலைச்சொற்களும் தடையாக நின்றன. நிகண்டில் தேடினாலும் அகப்படாத அச்சொற்கள் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கிக்கொண்டிருந்தன. அங்கே வாழ்ந்த சந்திரநாத செட்டியாரின் தொடர்பு ஐயருக்குக் கிட்டியது. ஒரு நாள் சமணர் வீட்டிற்குச் சென்றபோது தோரணமும் அலங்காரமும் கண்டு, என்ன விழாவென்று ஐயர் கேட்டார். பல திங்களாகப் படித்துப் பொருள் கேட்டு வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதால் அந்தக் கொண்டாட்டம் என்று அறிந்தார். தாம் ஏட்டில் எழுத்தெண்ணிப் போராடும் நூல் இங்கே குடும்பத்தார் கூடியிருந்து கேட்டு மகிழும் நூலாக விளங்குவதைக் கண்டு வியந்தார். அதன்பின் இடைவிடாமல் அங்கே சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தார். வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர். ஐயரின் ஈடுபாட்டைக் கண்டு, இவர் பவ்விய ஜீவன் போலும் என்று அவ்வில்லத்தார் கூறியதை, பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதுகையில் அவர் நெகிழ்ந்து பதிவு செய்திருக்கிறார். பவ்வியர் என்பது வீடுபேற்றிற்கு உரிய தகுதியுடைய உயிரைக் குறிக்கும் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரு பதிப்பாசிரியர்க்கு வாசகர் அளித்த பட்டங்களுள் இதனினும் உயர்ந்ததை நான் அறியேன்.

பல ஊர்ப் பிரதிகளையும் ஒப்புநோக்கி, நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் சென்னையில் சிந்தாமணி முழுமையும் அச்சாகி வெளிவந்தது. சைவ மடமாகிய திருவாவடுதுறை ஆதீனத்தின் ஏட்டுச்சுவடியும் இதற்கு உதவியது. பொருளுதவி செய்தவர்களுள் பெரும்பாலோர் கையொப்பக்காரர்கள். அஃதாவது நூல் வருமுன்பே அதனை வாங்குவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட வாசகர்கள். அந்நாளில் கையொப்பமிடுவதே ஒரு கருத்துரைதான்: இந்நூல் வெளிவருதல் வேண்டும் என்பது அதன் பொருள். நூல் வெளிவந்த பின் பாராட்டுகள் பல இடங்களிலிருந்து வந்தன. பாரிசில் தமிழ் கற்பித்துவந்த ஜூலியன் வின்சோன் ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பௌத்த, சைனக் கதைகளைத் தமிழிலிருந்து பிரெஞ்சில் தந்த தம் நூலை அவர் 1900இல் வெளியிட்டார்.

பாராட்டோடு கண்டனமும் வந்தது. பதிப்பில் குறை காட்டுவதாகக் கூறிச் சிலர் துண்டறிக்கைகளை வெளியிட்டுப் பரப்பினர். மனம் வருந்திய ஐயர் விடையெழுத முற்பட்டார். உடன் பணியாற்றிய சாது சேஷையர் அவரைத் தடுத்தார். கண்டனத்திற்கு மறுப்பும் மறுப்பிற்குக் கண்டனமுமாகக் காலம் கழியுமேயன்றி நூற்பணி நடவாது என்பது அவர் அறிவுரை. ஐயர் அதனை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டு வந்தது, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. விடையெழுதுவதில் செலவாகியிருக்கக்கூடிய காலம் தமிழுக்கு நூல்களாகக் கிடைத்தது. அதே வேளையில், திருத்தம் வேண்டுமிடங்களை அவர் தள்ளிவிடவும் இல்லை. மேலும் ஆராய்ந்து திருத்திய சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை 1907இல் வெளியிட்டார். கண்டனத்தின் கடுமையை விடுத்து அதிலுள்ள பயனை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்பதற்கு இந்த இருபதாண்டு உழைப்பு ஓர் இலக்கணம்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நம் வடசென்னைக்கு மிக அண்மையானது. ஏழுகிணற்றில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபட்டுப் பாடிய பாடல்களும் சேர்ந்த திருவருட்பா 1867இல் அச்சாயிற்று. நூலின் பெயரே பூசலுக்கு வித்தாயிற்று. தேவார திருவாசகம் முதலியவற்றிற்கே அருட்பா என்னும் பெயர் உரியது என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் மறுத்தனர். மறுப்புக்கு மறுப்பு எழுந்தது. 1869இல் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இருவருமே தமிழுக்கும் சைவத்திற்கும் பெருந்தொண்டு செய்தவர்கள். ஆயினும் இருதரப்பு அன்பர்களும் எழுதிக் குவித்த கண்டன நூல்களைப் புரட்டினால், பாடல்களின் பொருளைப் பற்றிய ஆராய்ச்சியைக் காட்டிலும் வசைமொழியே மிகுந்திருத்தலைக் காணலாம். கும்பகோணத்துச் சிராவகர் கூறிய கருத்து நூலுக்குள் புகுந்து அதன் பொருளைத் துலக்கியது. அருட்பாப் பூசலில் எழுந்த கருத்து நூலின் முகப்பிலேயே நின்றுவிட்டது. கருத்துரைத்தல் ஒன்றேயாயினும் பயன் இரண்டாயிற்று.

நம் வாசகர்கள் ஐயம் தீர்ப்பதோடு நின்றுவிடவில்லை. பின்னர்த் தாமே பதிப்பாசிரியராகவும் விளங்கினர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியைச் சமய திவாகர விருத்தியுரையுடன் பதிப்பித்தார். தருக்க நூலாகிய அதனைச் சமண மெய்யியலும் மேலைத் தத்துவமும் ஒருங்கே கற்ற ஒருவர் பதிப்பித்ததனால், ஆங்கில முன்னுரையின் வழியாகப் பிற நாட்டார்க்கும் அது அறிமுகமாயிற்று. 1954இல் மயிலை சீனி. வேங்கடசாமி சமணமும் தமிழும் என்னும் நூலை வெளியிட்டார். சமணர் அல்லாத ஒருவர், ஊர் ஊராகச் சமணச் சின்னங்களைத் தொகுத்துக் கூறிய அந்நூல் இன்றும் நம் இல்லங்களில் போற்றப்படுகிறது.

நம் ஆகமமும் இதற்கு இடந்தருகிறது. தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கும்: வாசனா, பிருச்சனா, அனுபிரேட்சா, ஆம்நாயம், தருமோபதேசம். படித்தல் முதலாவது, வினவுதல் இரண்டாவது, சிந்தித்தல், ஓதுதல், பிறர்க்கு உரைத்தல் ஆகியவை அடுத்தவை. சுவாத்தியாயம் அகத்தவங்களுள் ஒன்று. ஆகவே நூலைக் குறித்துக் கேள்வி கேட்பதும் தவத்தின் ஒரு கூறே. படித்துவிட்டு வாளா இருப்பவர் ஐந்தில் ஒன்றையே செய்தவர் ஆகிறார்.

வடசென்னையின் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து வேலையின் பொருட்டு இங்கே குடியேறியவை. துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் முறைவேலை பார்த்தவர்கள், புழல் ஆதிநாதர் கோயிலுக்குச் சென்று வழிபட்டுத் தம் மரபைப் பேணினர். கோயிலை விடவில்லை, ஆனால் மாலை நேரத்தில் கூடியிருந்து நூல் படிக்கும் வழக்கம் முறைவேலைக்கு இடையே நழுவிப்போயிற்று.

அதனால் நேரும் இழப்பை வகுப்பறையில் ஒருமுறை நேரில் உணர்ந்தேன். புதிதாக வந்திருந்த ஓர் உரைநூலில், காதி வினை என்னும் தொடருக்குக் கொலைத்தொழில் என்று பொருள் எழுதப்பட்டிருந்தது. காதுதல் என்பதற்குத் தமிழில் கொல்லுதல் என்னும் பொருள் உண்டாதலின், உரைகாரர் அவ்வாறு கொண்டார் போலும். நம் சமூகத்து மாணவன் ஒருவன் அதை வீட்டில் படித்தபோது அவனுடைய பாட்டியார் கேட்டிருக்கிறார். மறுநாள் அவன் வந்து, காதி என்பவை உயிரின் இயல்பான குணங்களைக் கெடுக்கும் நான்கு வினைகள் என்று கூறி, ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், மோகனீயம், அந்தராயம் என விரல்விட்டு எண்ணிக் காட்டினான். அந்த அம்மையார் பள்ளி சென்று படித்தவர் அல்லர். நாள்தோறும் தோத்திரம் ஓதியவர். தமிழில் முதுகலை பயின்ற என்போன்றோரும் உரைகாரரும் அகராதியில் தேடும் பொருள் அவர் நாவில் இருந்தது. ஆனால் அந்தத் திருத்தம் எங்கள் வகுப்பறையைத் தாண்டிப் பதிப்பகத்தாரைச் சென்றடைந்ததில்லை. அத்தகைய முதியோர் இல்லங்கள்தோறும் ஒருவர் ஒருவராக மறைந்துவருகின்றனர். அடுத்த முறை அப்பிழை அச்சாகும்போது, அது பிழையென்று சொல்ல வல்லவர் எத்தனை பேர் இருப்பர்?

சமண இலக்கியங்களுக்குப் புதிய பதிப்புகளும் உரைகளும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அன்போடு எழுதுகின்றனர். சந்திரநாத செட்டியாரைத் தேடிச் சென்ற ஐயரைப் போல அவர்கள் நம் வாயிலுக்கு வரும்வரை காத்திராமல், நாமே அவர்களிடம் செல்லலாம். ஆகமம் ஏட்டில் எழுதப்பெற்று நிறைவுற்ற நாளைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடி நூல்களுக்கு மலரிட்டு வணங்குகிறோம். அந்நாளில் ஒவ்வொரு குடும்பமும் அவ்வாண்டு வெளிவந்த ஒரு நூலைக் கூடியிருந்து படிக்கட்டும். பாராட்டத்தக்கதைப் பாராட்டி, பொருள் பிறழ்ந்த இடத்தைப் பக்க எண்ணோடு குறித்து, பதிப்பாசிரியருக்குப் பணிவுடன் ஒரு மடல் எழுதட்டும். முதியோர் சொல்ல இளையோர் எழுதினால் இரு தலைமுறைக்கும் நன்று. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூலை வாங்கி வழங்குவது அத்தானத்தின் பாதி. அதன் பொருள் பிறழாமல் காத்து வழங்குவது மறுபாதி.