இலங்கைத் தேனீக்கள் அளித்த சாட்சியம்

அக்கரைப்பற்றில் எங்கள் தலைமுறையினருக்குத் தேன் என்பது வெறும் உணவுப் பண்டமன்று, அது மருந்து. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்பதால், அச்சிற்றுயிரின் மீது எமக்குத் தனி மரியாதையும் உண்டு. ஆயினும், தேனீயின் வழியறியும் ஆற்றல் எவ்வாறு உருவாயிற்று என்ற ஆராய்ச்சியின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திலர். அதனைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்ட்டின் லிண்டாவர் 1918இல் ஜேர்மனியின் பவேரியாவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யப் போர்முனையிற் காயமுற்று மியூனிக் நகரிற் சிகிச்சை பெற்ற காலத்தில், பேராசிரியர் கார்ல் வொன் பிரிஷ் ஆற்றிய விரிவுரையொன்றைக் கேட்டார். அவ்விரிவுரை அவருடைய வாழ்வின் திசையையே மாற்றியது.

உணவைக் கண்டு திரும்பும் தேனீ, கூட்டினுள் வயிற்றை அசைத்து ஆடும் நடனத்தால் அவ்விடத்தின் திசையையும் தூரத்தையும் தன் கூட்டத்துக்கு உணர்த்துகிறது என்பதை 1940களில் வெளிப்படுத்தியவர் வொன் பிரிஷ். இதற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூரியனுக்கு 40 பாகை வலப்புறமாக உணவு இருப்பின், செங்குத்தான வதையில் மேல்நோக்கிய கோட்டுக்கு 40 பாகை வலப்புறமாகத் தேனீ ஆடும். இருண்ட கூட்டினுள் சூரியனின் இடத்தைப் புவியீர்ப்பு எடுத்துக்கொள்கிறது.

இத்துணை நுட்பமான மொழி திடீரெனத் தோன்றியிருக்குமா? இதன் பூர்வ வடிவம் எது? இவ்வினாக்களுக்கு ஐரோப்பாவில் விடை கிடைக்கவில்லை; அங்கிருந்தது ஒரே தேனீ இனம். எனவே லிண்டாவர் இலங்கைக்கு வந்தார். இங்கு மூன்று இனங்கள் இருந்தன: மரக்கொம்பில் ஒற்றை வதை கட்டும் கொம்புத்தேனீ, பாறையிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய வதை தொங்கவிடும் மலைத்தேனீ, பொந்துகளில் வாழும் பொந்துத்தேனீ. சிகிரியாவுக்குச் சென்றவர்கள் சிங்களத்தில் 'பம்பரா' எனப்படும் மலைத்தேனீயை மறந்திருக்க மாட்டார்கள்.

தமது முடிவுகளை அவர் 1956இல் வெளியிட்டார். கொம்புத்தேனீ, கொம்பைச் சுற்றியமைந்த வதையின் மேற்பரப்பில், திறந்த வானத்தின் கீழ் ஆடுகிறது. உணவு எத்திசையோ அத்திசையையே நேராகச் சுட்டுகிறது. புவியீர்ப்பாக மாற்றிச் சொல்லும் வழக்கம் அதற்கில்லை. வானம் மறைக்கப்பட்டால் அதன் நடனம் திசை கெடுகிறது. மலைத்தேனீ வானம் தெரியும் செங்குத்து வதையில், புவியீர்ப்பைத் துணைக்கொண்டு ஆடுகிறது. பொந்துத்தேனீயோ முழு இருளிலும் ஆடவல்லது. சரிவான பரப்பிலும் கொம்புத்தேனீ ஆடக்கூடும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அப்போதும் அது நம்பியிருப்பது வானத்தையே. நேரே சுட்டிக்காட்டுவதே பழைய வடிவம் என்ற லிண்டாவரின் ஊகத்துக்கு ஆதாரம் அளித்தவை நமது தீவின் தேனீக்கள்.

இம்மாற்றம் நரம்புகளில் எங்ஙனம் நிகழ்கிறது? 1959இல் லிண்டாவரும் அவருடைய சகாவும் தேனீயின் கழுத்திலுள்ள நுண்மயிர்த் தொகுதிகளை ஆராய்ந்தனர். உடல் சாயும்போது தலையின் எடை அம்மயிர்களை அழுத்துகிறது. அச்செய்தி நரம்பினூடாக மூளைக்குச் செல்கிறது. அந்நரம்பைத் துண்டித்தபோது நடனத்தின் திசை குழம்பியது. வானத்தின் முனைவாக்கப்பட்ட ஒளியை அறிவதற்குக் கண்ணின் மேல்விளிம்பில் தனிப்பகுதி உண்டு. சென்ற திசையையும் தூரத்தையும் ஒன்றுசேர்த்து வைத்திருப்பது மூளையின் நடுப்பகுதி என இன்று கருதப்படுகிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள். தேனீக்கோ சுமார் 10 இலட்சம் மாத்திரமே.

இவ்வளவு சிறிய இயந்திரம் எளிதிற் பழுதாகும் என்பதே எம்மைப் போன்ற நெற்செய்கைப் பிரதேசத்தார் கவனிக்க வேண்டியது. நெல்லைத் தாக்கும் தத்திப் பூச்சிகளுக்கு எதிராக ஆசிய நாடுகளிற் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட நியோநிக்கொட்டினொயிட் வகை மருந்துகள், பூச்சியின் நரம்புகளிலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்பவை. நரம்பு நரம்புதான், அது தத்தியுடையதா, தேனீயுடையதா என மருந்து பிரித்தறிவதில்லை. கொல்லாத சிற்றளவு கொடுக்கப்பட்ட தேனீக்களிற் பல கூடு திரும்பவில்லை என 2012இல் பிரான்சிய ஆய்வொன்று காட்டியது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளின் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடைசெய்தது.

உணவளிக்கும் நெல்லைக் காக்கும் விவசாயியை நான் குறைகூறேன். தத்தி விழுந்த வயலைப் பார்த்தவர் எவரும் அவரைக் குறைகூறார். ஆனால், எம்மருந்தை, எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது, வயலின் எல்லைக்கு அப்பாலுள்ள மரக்கொம்பையும் கணக்கிற்கொள்ள வேண்டும். வழி தவறிய தேனீ வயலில் இறந்து கிடப்பதில்லை. ஆதலால் அந்த நட்டத்தை எவரும் எண்ணுவதுமில்லை. தேனீயின் மொழி எவ்வாறு பிறந்தது என்பதற்குச் சாட்சி சொன்ன இனங்கள் இன்னமும் நமது மண்ணில் வாழ்கின்றன. அச்சாட்சிகளைக் காப்பாற்றும் கடமை ஜேர்மனியருக்குரியதன்று, நமக்குரியது.