விநயபிடகமும் ஆய்வொழுக்கமும்

விஞ்ஞான ஆய்வுலகிற் பொய்ம்மை வெளிப்படுங்கால் அதற்கு மருந்தாகப் பௌத்த அறத்தை எடுத்துரைப்போர் பெரும்பாலும் தியானத்தையும் கருணையையுமே சுட்டுவர். விநயபிடகத்தை நாடுவோர் சிலரே. தனிமனிதரின் உள்ளத்தூய்மையை மட்டும் நம்பியிராது, பலர் கூடிவாழும் அமைப்பொன்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை வகுத்த நூல் அது.

பிக்குவைச் சங்கத்தினின்று நீக்கும் நான்கு பாராஜிகக் குற்றங்களுள் இறுதியானது, எய்தாத ஞானநிலையை எய்தியதாகக் கூறுவதாகும். அவ்விதி தோன்றிய வரலாற்றை விநயம் விரித்துரைக்கின்றது. வஜ்ஜி நாட்டிற் பஞ்சம் நிலவியகாலை, வக்குமுதா ஆற்றங்கரையிற் கார்காலத்தைக் கழித்த பிக்குகள் சிலர், ஒருவர் மற்றவரின் சித்திகளை இல்லறத்தாரிடம் புகழ்ந்துரைத்தனர். மக்கள் தாமும் உண்ணாது, மனைவி மக்களுக்கும் ஈயாது அவர்களுக்கு உணவளித்தனர். பருவ முடிவில் ஏனைய பிக்குகள் மெலிந்து வர, இவர்கள் கொழுத்து வைசாலியை அடைந்தனர். இத்தகையோரே திருடருள் தலையாயவர் எனப் புத்தர் கடிந்தார். நாட்டு மக்களின் சோற்றை அவர்கள் களவால் உண்டனர் என்பதே அவர் காட்டிய காரணம். பொதுப்பணத்தால் நடைபெறும் ஆய்வுகளுக்கு இதனினும் பொருத்தமான கதை கிடைத்தல் அரிது.

தம் நிலையை அறியாமையால் மிகையாக மதித்துக் கூறியோரை இவ்விதி தண்டிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்க அரசு 2000 ஆம் ஆண்டில் ஆய்வு முறைகேட்டினை வரையறுத்தபோது, நேர்மையான தவற்றுக்கு இதே விலக்கினை அளித்தமை நோக்கற்பாலது.

ஆயினும் விதி மட்டும் போதாது, சமயப்பற்றும் போதாது. தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் பௌத்தராக அறியப்பட்டவர். நோயாளரின் கலங்களிலிருந்து 11 மூலவுயிர்க்கல வரிசைகளை ஆக்கியதாக 2005 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர் அறிவித்தார். அது புனைவென அவரது பல்கலைக்கழகமே கண்டறிய, 2006 சனவரியிற் கட்டுரை மீளப்பெறப்பட்டது. உண்மையை வெளிக்கொணர, அவரது ஆய்வுகூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஒருவர் தொலைக்காட்சி நிலையமொன்றை நாடவேண்டியதாயிற்று.

உள்ளே சொல்வதற்கு இடமிருந்திருப்பின்? விநயம் அவ்விடத்தைச் சடங்காகவே அமைத்திருந்தது. கார்கால முடிவில் நிகழும் பவாரணையில், தன்னிடம் பிறர் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளைக் கூறுமாறு ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தை வேண்டுவார். முதலில் வேண்டுபவர் மூத்தவரே. தம்மிடம் குறையுண்டோ எனப் புத்தரே ஐந்நூறு பிக்குகளிடம் வினவியதாகச் சங்யுத்த நிகாயம் கூறும். இளையவன் அஞ்சியஞ்சி வாய்திறக்க வேண்டியதில்லை. கேட்கும் கடமை மூத்தோர் மேலதாகின்றது.

இம்முறையை முற்றாகப் போற்றுதலும் இயலாது. பிக்குணிகள் தம் குறைகளை இரு சங்கங்களிடமும் கேட்டறிதல் வேண்டும். அவர்களோ பிக்குகளுக்கு அறிவுரை கூறலாகாது என எட்டுக் கருதம்மங்களுள் ஒன்று விதிக்கின்றது. எவர் பேச்சு மிக வேண்டப்பட்டதோ அவர் வாயே அடைக்கப்படலாம் என்பதற்கு இது சான்று. ஹுவாங்கின் ஆய்வுகளுக்குக் கருமுட்டை வழங்கியோருள் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய இளம்பெண் ஆய்வாளர் இருவரும் இருந்தனர்.