கல் இல்லாத ஊரில் பெயர் வாங்கிய கல்

காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் கிணறு தோண்டினால் களிமண் வரும், மணல் வரும், பாறை வராது. எல்லாம் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். யாழ்மூரிநாதர் கோயில் தூணானாலும் சரி, புதுவீட்டு வாசலில் இறக்கும் ஜல்லியானாலும் சரி, கல் என்றால் வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே இந்தக் கதை டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1690-ல் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் இறங்கி, சில ஆண்டுகளில் அங்கேயே இறந்துபோனார். மருமகன் சார்லஸ் அயர் அவருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பினார். கங்கை வண்டலில் கல்லுக்கு எங்கே போவது? நம்மூர்க் கதைதான். சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு பலகைக்கல் கடலேறிப் போய்ச் சேர்ந்தது.

இருநூறு ஆண்டு கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பலகையை ஆராய்ந்தார். கிரானைட் மாதிரி இருந்தது, ஆனால் கிரானைட் இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் அதுவும் ஒரே சாதி. 1893-ல் அதற்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாவில் புதைந்தவர் பெயர்! நியாயமாகப் பார்த்தால் 'பல்லாவரைட்' என்றல்லவா இருக்க வேண்டும்?

உடைத்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இதில் அதே ஃபெல்ட்ஸ்பார் பச்சை கலந்த சாம்பல். குவார்ட்ஸில்கூட நீலம் ஓடும். மொத்தத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுக்கு. நடுவே பழுப்பும் கறுப்புமாய்த் தெறித்திருப்பது ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். இந்தக் கல்லின் அடையாளமே அதுதான். கிரானைட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் கறுப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் இருக்கும். அவற்றின் அமைப்புக்குள்ளேயே நீர் உண்டு. மாறாக, பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தில், நீர்ப்பசை அநேகமாக இல்லாத இடத்தில் நிலைப்பது ஹைப்பர்ஸ்தீன். தமிழ்நாட்டுச் சார்னோக்கைட் பலவற்றுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.

ஹாலண்ட் 1900-ல் விரிவாக எழுதியபோது, உருகிய குழம்பு இறுகிப் பிறந்த கல் என்றே சொன்னார். பின்னால் வந்தவர்கள், பழைய பாறையே வெந்து உருமாறியும் இது உண்டாகும் என்று காட்டினார்கள். இரண்டு வழியும் உண்டு என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. நீலகிரியும் சேர்வராயனும் இதே கல்தான், அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது.

பரங்கிமலைக்கல் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கொத்தனாருக்கு அது வெறும் கருங்கல். அடுத்த முறை உங்கள் தெருவில் ஜல்லி இறங்கினால், ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள்.