ரத்தக்குழாய்க்குள்ளே ஒரு கொத்தனார் கூட்டம்

"எனக்கு சுகர் இருக்கு"ன்னு சொல்றது நம்ம பக்கத்துல "எனக்கு சளி பிடிச்சிருக்கு"ன்னு சொல்ற மாதிரி ஆகிப்போச்சு. கல்யாணப் பந்தியில பாயசத்தைத் தள்ளி வைக்கும்போதுதான் அந்தப் பேச்சே வரும். ஆனா சுகர்ல ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சர்க்கரை நேரடியாக அல்ல, ரத்தக்குழாய்தான். கண், கிட்னி, இதயம், கால் எல்லாத்துக்கும் அதுதான் பொது வழி. அந்தக் குழாய்களை ரிப்பேர் பண்ண உடம்புக்குள்ளேயே ஆள் இருக்காங்களா, இருந்தா சர்க்கரை அவங்களை என்ன பண்ணுதுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க (சர்க்கரை இல்லாம!) :-)

1922 ஜனவரியில் டொரான்டோவில் முதல் முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னாடி டைப் 1 வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு வருஷத்திலோ போய்விடும். இன்சுலின் வந்ததும் பிழைத்தார்கள். பிழைத்துப் பத்து இருபது வருஷம் வாழ்ந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரிஞ்சது. 1936-ல் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் சர்க்கரை நோயாளிகளின் கிட்னியில் உள்ள நுண்குழாய் முடிச்சுகள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று எழுதினார்கள். மரணத்தைத் தள்ளிப் போட்டாச்சு, குழாய் சேதத்தைத் தடுக்க முடியலை. அந்தக் கணக்கு இன்னைக்கும் முழுசா தீரலை.

ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு பூச்சு இருக்கு. பேர் எண்டோதீலியம். வீட்டுச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு மாதிரி, ஆனா உயிருள்ள பூச்சு. அது தேய்ந்தால் பக்கத்துல இருக்கிற செல்களே பெருகி மூடிக்கும், வெளியிலிருந்து யாரும் வரமாட்டாங்க என்பதுதான் ரொம்ப நாள் பாடம். ரத்தத்துல மிதக்கிற செல்லிலிருந்து குழாய் உருவாவது கருவில் மட்டும்தான் நடக்கும்னு புத்தகங்கள் சொல்லிட்டு இருந்துச்சு.

ஆனா 1963-லயே ஒரு சின்ன இடறல். மைக்கேல் டிபேக்கி இருந்த ஹூஸ்டன் குழு, பன்றியின் மகாதமனிக்குள் டேக்ரான் துணித்துண்டு ஒன்றை, சுவரோடு ஒட்டாதபடி ரத்த ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி வைத்தது. சில நாள் கழிச்சுப் பார்த்தா அது மேலேயும் எண்டோதீலியம் படிஞ்சிருக்கு! சுவரிலிருந்து ஊர்ந்து வர வழியில்லை. அப்போ ரத்தத்திலிருந்துதானே வந்திருக்கணும்? அந்தக் கேள்வி முப்பது வருஷத்துக்கு மேல ஓரமாகவே கிடந்தது.

1997-ல் பாஸ்டனில் டகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் கதவைத் திறந்தது. பெரியவர்களின் ரத்தத்திலிருந்து சில செல்களைப் பிரிச்சு வளர்த்தாங்க. அவை எண்டோதீலியம் மாதிரி மாறின. ரத்த ஓட்டம் தடைப்பட்ட கால் உள்ள விலங்குகளுக்கு அவற்றைச் செலுத்தினப்போ, புதுசா முளைச்ச குழாய்களில் போய் உட்கார்ந்துகிட்டன. எண்டோதீலிய முன்னோடி செல்கள் என்று பெயர் வைத்தார்கள். நான் கொத்தனார்கள்னு சொல்றேன். எலும்பு மஜ்ஜையில் குடியிருப்பு, எங்கே உடைசலோ அங்கே வேலை. 1998-ல் மஜ்ஜை மாற்றிய நாய்களுக்கு டேக்ரான் குழாய் வைத்துப் பார்த்தப்போ, அதன் உள்பூச்சில் இருந்தவை மஜ்ஜை கொடுத்த நாயின் செல்கள். சந்தேகப்பட்டவங்க பலர் வாயை மூடிக்கிட்டாங்க.

(இஸ்னர் 2001-ல் தன் 53-ம் வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். வாழ்நாள் முழுக்க அடைபட்ட குழாய்களோடு மல்லுக்கட்டின மனுஷன். விதியை என்ன சொல்ல.)

சரி, சர்க்கரைக்கு வருவோம். 2002-ல் நியூயார்க் குழு ஒன்று டைப் 2 நோயாளிகளின் ரத்தத்திலிருந்து இந்தக் கொத்தனார்களை எடுத்து வளர்த்தது. பெருகும் வேகம் ஏறக்குறைய பாதி. எச்பிஏ1சி எவ்வளவு அதிகமோ, செல்கள் அவ்வளவு மந்தம். 2004-ல் நெதர்லாந்தில் டைப் 1 நோயாளிகளை எண்ணிப் பார்த்தாங்க. எண்ணிக்கையே 44 சதவீதம் குறைவு. அதாவது சுவரை இடிக்கிற அதே சர்க்கரை, சுவர் பூச வர்ற ஆளையும் படுக்க வைக்குது. எங்க குடும்பத்துல ஒரு பெரியவருக்குக் கால் விரல் புண் மாசக்கணக்கா ஆறாம இருந்ததை நான் பார்த்திருக்கேன். "செருப்பு கடிச்ச புண்தானே"ன்னு எல்லாரும் சொன்னோம். புண் சின்னதுதான், பூச ஆள் வரலைங்கறதுதான் விஷயம்.

ஏன் இப்படி? ரத்தத்துல சர்க்கரை ஏறினா பல செல்கள் தங்கள் வாசலைக் கொஞ்சம் சாத்திக்கும். எண்டோதீலியத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவு. மைக்கேல் பிரௌன்லீ 2001-ல் நேச்சர் இதழில் இதை விளக்கினார். அளவுக்கு மீறின சர்க்கரையை எரிக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு என்ற கழிவு பெருகுது. அது நைட்ரிக் ஆக்சைடைத் தின்று தீர்க்குது. 1998 நோபல் பரிசு வாங்கித் தந்த அதே நைட்ரிக் ஆக்சைடுதான். குழாயைத் தளர்த்துவது மட்டும் அதன் வேலை இல்லை. மஜ்ஜையிலிருந்து கொத்தனார்களை வெளியே அனுப்பும் கேட்டைத் திறப்பதும் அதுதான்.

"அப்போ ஆன்டி-ஆக்சிடென்ட் மாத்திரை சாப்பிட்டா சரியாப் போச்சே"ன்னு கேப்பீங்க. அங்கேதான் வரலாறு காலை வாரி விடுது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஹோப் ஆய்வு 2000-ல் வெளியாச்சு. அதில் சர்க்கரை நோயாளிகளும் நிறைய. வைட்டமின் ஈ இதயத்துக்கு ஒரு நன்மையும் செய்யலை. 2007-ல் தைவானில் கொத்தனார் செல்களையே சர்க்கரைக் கரைசலில் போட்டுப் பார்த்தாங்க. ஆன்டி-ஆக்சிடென்ட் உதவலை, நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்து உதவுச்சு. மாத்திரை டப்பாவில் எழுதியிருப்பதை வச்சு உடம்பை எடை போடக் கூடாதுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனையும் அதே 2007-ல் வந்ததுதான். சர்க்கரை வந்த எலிகளுக்கு அழுத்தமான ஆக்சிஜன் கொடுத்தாங்க. நைட்ரிக் ஆக்சைடு கூடி, கொத்தனார்கள் மஜ்ஜையை விட்டுக் கிளம்பிட்டாங்க. ஆனா புண்ணுக்குப் போய்ச் சேரலை! "இங்கே வா"ன்னு கூப்பிடும் எஸ்டிஎஃப்-1 என்ற புரதம் புண்ணிருந்த இடத்தில் குறைஞ்சு போயிருந்தது. அதை ஊசியாகப் போட்டதும் வந்து சேர்ந்தாங்க, புண்ணும் வேகமா ஆறுச்சு. கேட்டையும் திறக்கணும், விலாசமும் கொடுக்கணும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் அதே வருஷம் ஒரு குட்டு விழுந்தது. இண்டியானாவைச் சேர்ந்த மெர்வின் யோடர் குழு, நீங்க கொத்தனார்னு எண்ணினதுல பெரும்பாலானவை வெள்ளையணு வம்சம்னு காட்டிருச்சு. அவை குழாய்ச் சுவராக மாறுவதில்லை. வேலையைத் தூண்டிவிடும் மேஸ்திரிகள்னு வேணா சொல்லலாம். நிஜமாகவே பூசுகிற செல்கள் ரத்தத்தில் மிக மிக அரிது. பத்து வருஷ ஆய்வுகளைத் திரும்பப் படிக்க வேண்டிய நிலை. எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது என்பதும் பிறகு தெரிஞ்சது. சிட்டாகிளிப்டின் மாத்திரை நாலே வாரத்தில் இந்த செல்களைக் கூட்டுதுன்னு 2010-ல் இத்தாலியிலிருந்து செய்தி. 2015-ல் பதினாலாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்தப்போ, மாரடைப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போ கடைசியில் எதுதான் நிலைச்சு நின்னது? பழைய, சுவாரஸ்யமே இல்லாத பதில்தான். 1993-ல் முடிந்த டிசிசிடி ஆய்வில் 1,441 டைப் 1 நோயாளிகள். ஒரு பாதிக்குச் சராசரியா ஆறரை வருஷம் சர்க்கரையை இறுக்கிப் பிடிச்சாங்க. அப்புறம் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு சர்க்கரையோடுதான் வாழ்ந்தாங்க. ஆனா 2005-ல் கணக்குப் பார்த்தா, ஆரம்பத்தில் இறுக்கிப் பிடிச்ச பாதியில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்த்து 57 சதவீதம் குறைவு. குழாய்களுக்கு ஞாபகசக்தி உண்டு மக்களே. நல்லதையும் மறக்காது, கெட்டதையும் மறக்காது. அதுக்காக வயசான காலத்தில் கண்மண் தெரியாம இறக்கினாலும் ஆபத்து. அப்படி இறக்கிப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் மரணம் கூடினதால் 2008-ல் அந்தப் பகுதியையே நிறுத்தினாங்க.

கொத்தனாரை வெளியிலிருந்து ஊசியில் இறக்கித் தர்றோம்னு யாராவது விளம்பரம் பண்ணினா, மேலே இருக்கிற 2007-ஐ ஒரு தடவை நினைச்சுக்குங்க. யார் கொத்தனார், யார் மேஸ்திரின்னே அவ்வளவு தாமதமாத்தான் பிரிச்சுப் பார்த்தாங்க. சுகர் புதுசா வந்தவங்க உங்க வீட்டில் இருந்தா, "இப்பத்தானே வந்திருக்கு, மெதுவாப் பாத்துக்கலாம்"னு மட்டும் விட்டுடாதீங்க. அந்த முதல் சில வருஷம்தான் குழாய் மனசுல பதிஞ்சு போற வருஷம். ராத்திரி படுக்கப் போகும் முன்னாடி அவங்க பாதத்தை ஒரு தடவை வெளிச்சத்துல பாருங்க. காசு செலவில்லாத வேலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்க டாக்டர் வேலை. பின்னூட்டத்தில் பாகற்காய் ஜூஸ் வைத்தியம் எழுத வருகிறவர்கள் வரிசையில் வரவும் ;-)